புகை நின்ற வீடு

முர்காப், ஏப்ரல் 19, 2003

சின்னவருக்கு,

அண்ணி உல்கான் எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. நீங்கள் கொழுகொழுவென்று இருப்பதாகத்தான் ஓஷிலிருந்து வருகிற ஒவ்வொரு லாரிக்காரனும் சொல்கிறானே.

நேற்று தெரெஸ்கென் புதர் விறகு ஏற்றிய லாரி ஒன்று நம் தெருவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்கு விறகு இறக்கினான், எதிர் வீட்டுக்கு இறக்கினான். நான் கயிறும் கோணியுமாக வாசலில் நிற்கிறேன். என்னைத் தாண்டி வண்டியை எடுக்கிறான். "ஏம்ப்பா, நான் ஒருத்தி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலியா?" என்று கேட்டேன். "தெரியுதுக்கா. உங்க கொழுந்தனாருதான் சொல்லியிருக்காரு. உங்க வீட்டுக்கு ஒரு குச்சி எறக்கினாலும் அவரு கடையில எங்களுக்கு டயரு கிடையாதாம்" என்று தலையைச் சொறிந்தான். முர்காப் மலைப் பாதையில் டயர் இல்லாமல் எவன் வண்டி ஓட்டுவான்? அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

உங்கள் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியாமலில்லை. போன இலையுதிர் காலத்தில் உங்கள் அண்ணனின் வருஷத் திதிக்கு ஊரே கூடியிருந்தபோது, "அண்ணி இந்த வீட்டை விட்டுப் போக வேணாம், நானே ரெண்டாவதா கட்டிக்கறேன்" என்றீர்கள். மீந்துபோன கட்டிலை எடுத்துப் போகிறவர் மாதிரி சொன்னீர்கள். "மூக்கு ஒழுகுறப்ப நான் தொடச்சுவிட்ட பையனுக்கா இப்ப பாய் போடணும்?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் உங்கள் காதை விட்டுப் போகவில்லை.

அப்புறம்தானே அந்த ஒப்பந்தம் வந்தது? இந்த வீட்டுப் புகைக்குழாயில் புகை வரும்வரை வீடு அண்ணியுடையது, புகை நின்றால் கடைக்குட்டியான உங்களுடையது என்று பெரியவர்கள் முன்னால் பேசி முடித்தோம். எனக்கு அன்று அது நியாயமாகத்தான் பட்டது. நீங்கள் உங்கள் அண்ணனின் லாரியையும் ஓட்டிக்கொண்டு போனபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. நேற்றுதான் உறைத்தது. விறகு இல்லாவிட்டால் நான் வரட்டியை எரிக்க வேண்டும். கோடையில் டீக்கும் சோற்றுக்கும் வரட்டியை எரித்துவிட்டால், குளிர்காலத்தில் எதைப் போட்டு உயிர் வாழ்வது? பனி விழும் முன் நானே மூட்டையைக் கட்டுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் அப்பா போட்ட அஸ்திவாரத்தில் உங்கள் அண்ணன் சுவர் எழுப்பிய வீடு இது. நான் போக மாட்டேன்.

அண்ணி


ஓஷ், மே 8, 2003

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

தொக்தோசுன் எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு பெண் எழுதுகிற கடிதமா அது என்று மிகவும் வருந்தினேன்.

லாரிக்காரர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அப்படியே சொல்லியிருந்தாலும் என் கடை, என் டயர். யாருக்கு விற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நீங்கள் மருமகளாக வந்த நாளிலிருந்து என் பெயரைக்கூட வாயால் சொன்னதில்லை. என்னைச் 'சின்னவர்' என்பீர்கள். ஜோரோ பெரியப்பாவைப் 'பெரிய தொப்பி' என்பீர்கள். புருஷன் வீட்டு ஆண்களின் பெயரைச் சொல்லாத நல்ல மருமகள் என்று ஊரே புகழ்ந்தது. அந்த மரியாதையை அன்று கூட்டத்தில் எங்கே தொலைத்தீர்கள்? நான் கேட்டது நம் வழக்கத்தில் இல்லாததா? அண்ணன் செத்தால் தம்பி பொறுப்பேற்பது எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது? பெரியப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதை நான் மறக்க மாட்டேன் அண்ணி. உங்களையும் மறக்க விட மாட்டேன்.

இன்னொன்று. அந்தக் கல்யாணப் பேச்சைக் கடிதத்தில் இனி எழுதாதீர்கள். திதிக்கு வராத நாசிராவுக்கு அது தெரியாது. என் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியும், உங்களுக்கும் அது தெரியும்.

வீட்டை வாங்க ஒரு ஆள் இருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களைத் தங்க வைத்துத் தொழில் செய்ய இடம் தேடுகிறார். நீங்கள் அலிச்சூரில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்கலாம். நான் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

மொட்டைமாடியில் நான் வைத்த டிவி டிஷ்ஷையும், கொட்டகையில் கிடக்கிற நாசிராவின் பீரோவையும் அடுத்த லாரியில் ஏற்றி அனுப்புங்கள். பீரோக் கண்ணாடி கணவாயில் வரும்போது விரிசல் விட்டதுதான், இருந்தாலும் அவள் சீதனம். டிஷ்ஷை நசுக்கிவிடாமல் கழற்றச் சொல்லுங்கள்.

தொக்தோசுன்


முர்காப், ஜூன் 15, 2003

சின்னவருக்கு,

டிஷ்ஷைக் கழற்றிவிட்டேன். போல்ட்டெல்லாம் துருப்பிடித்துப் பாறையாக இருந்தது. உங்கள் அண்ணனின் பெரிய ஸ்பேனரில் தொங்கித் தொங்கித் திருப்பினேன். நசுங்கவில்லை. ஆனால் அனுப்பப் போவதில்லை.

பீரோவும் வராது. கண்ணாடியைக் கழற்றி, ஈரக் கம்பளத்தில் சுற்றி, சுத்தியலால் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் உங்கள் பெயரைச் சொல்லி அடிக்க ஆசைதான். மருமகளாயிற்றே, சொல்லக் கூடாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். நாசிராவிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

எதற்கென்று கேட்கிறீர்களா? உங்கள் அண்ணன் பாதையில் தீப்பெட்டி தீர்ந்துவிட்டால் என்ன செய்வார் என்று நினைவிருக்கிறதா? உடைந்த ஹெட்லைட் கிண்ணத்தை எடுத்து, பல்பு இருந்த ஓட்டையில் சிகரெட்டைச் செருகி, சூரியனுக்கு நேராகப் பிடிப்பார். மூச்சு இழுப்பதற்குள் பற்றிக்கொள்ளும். கிண்ணத்தளவு இருப்பது சிகரெட்டைப் பற்ற வைக்குமென்றால் டிஷ்ஷளவு இருப்பது சட்டியைக் கொதிக்க வைக்காதா? உங்கள் லாரிக்காரன் என்னைத் தாண்டிப் போன அன்று ராத்திரி அடுப்பைப் பார்த்தபடி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித் தாளைச் சேர்த்தேன். தெருப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களின் பெட்டியையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோதுமை மாவில் பசை காய்ச்சி டிஷ் முழுக்க ஒட்டினேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பக்கத்து வீட்டு ஆடு பசை ருசிக்குப் பாதியை நக்கித் தள்ளியிருக்கிறது. முகமெல்லாம் வெள்ளித் தாளோடு என்னைப் பார்த்து நிற்கிறது. அந்த இடத்திலேயே அறுத்திருப்பேன், ஆனால் ஆடு என்னுடையதில்லை. அப்புறம்தான் பீரோக் கண்ணாடிக்கு வந்தேன். உள்ளங்கையளவு துண்டுகளை இந்த முறை தார் தடவி ஒட்டினேன். கொட்டகைக்குப் பின்னால் செத்துக் கிடக்கிற பழைய லாரியின் அடியில் சுரண்டி எடுத்த தார் அது. ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சட்டியை எங்கே தொங்க விடுவது என்று தெரியாமல் தவித்தேன். டிஷ்ஷுக்கு முன்னால் கோணிக் கிழிசலைக் கம்பில் கட்டி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். கோணி சும்மா இருந்தது, என் கைச்சட்டை பற்றிக்கொண்டது. அங்கேதான் வெளிச்சம் கூடுகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. டிவிப் படம் பிடிப்பதற்கு டிஷ்ஷின் நடுவில் நீங்கள் நீட்டி வைத்த அந்த மூக்கு இருந்த அதே இடம்தான். மூக்கை ஒடித்துவிட்டுச் சட்டியை மாட்டினேன்.

டிஷ்ஷை அந்தப் பழைய லாரிச் சக்கரத்தின் வளையத்தில் உட்கார்த்தி, அதன் ஸ்டீயரிங்கைப் பூட்டியிருக்கிறேன். சூரியன் நகர நகர நானும் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன். மத்தியானக் காற்று தூக்கிக்கொண்டு போகாமலிருக்கக் காலடியில் கல். இறைச்சி வேகத்தான் நெடுநேரமாகிறது. இந்த உயரத்தில் தண்ணீர் சட்டென்று கொதித்துவிடும், கறி மட்டும் வேகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பரவாயில்லை. எனக்கு வேறென்ன வேலை?

இன்று டீ, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் அதில்தான். ஒரு வரட்டி செலவில்லை. எல்லாவற்றையும் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். குளிர்காலத்துக்கு எனக்கு உங்கள் லாரி வேண்டாம், உங்கள் குச்சி வேண்டாம். உங்கள் டிஷ்ஷும் உங்கள் பீரோவும் போதும்.

அண்ணி


ஓஷ், ஜூலை 3, 2003

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது, அதற்கப்புறம் பெருமையாகக்கூட இருந்தது. அண்ணன் இருந்திருந்தால் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றியிருப்பார்.

டிஷ் போனால் போகட்டும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் யோசித்துப் பார்த்தேன். நமக்குள் எதற்கு இந்தச் சண்டை? நீங்கள் அங்கே நிம்மதியாக இருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், கேளுங்கள். அடுப்பை மூட்டவே மூட்டாதீர்கள். ஒரு வரட்டியைக்கூட வீணாக்காதீர்கள். போன குளிர் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். இலையுதிர் காலம் வரை சூரியனிலேயே சமைத்து, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

நாசிரா சமைக்கிற கறி எனக்கு இறங்குவதில்லை. உங்கள் கையால் சாப்பிட்டதை நினைத்தால் நாக்கில் நீர் ஊறுகிறது. சின்ன வயதில் விருந்தாளிக்கு வைக்கிற தொடையெலும்புக்காக நான் தரையில் புரண்டு அழுவேனே, நினைவிருக்கிறதா? "அது விருந்தாளிக்குடா. நீ வீட்டுக்காரன்" என்று அப்பா முதுகில் ஒன்று வைப்பார். நீங்கள்தான் மறுநாள் சூப்பிலிருந்து ஏதாவது எலும்பைத் தேடி எடுத்துக் கொடுத்துச் சமாதானப்படுத்துவீர்கள். ஆனாலும் அது அந்த எலும்பு இல்லையே என்று நான் மறுபடி அழுவேன். இப்போதும் எங்கே விருந்துக்குப் போனாலும் அது என் தட்டுக்கு வருமா என்றுதான் பார்க்கிறேன்.

உங்கள் தம்பி,
தொக்தோசுன்


முர்காப், ஜூலை 28, 2003

சின்னவருக்கு,

இவ்வளவு இனிப்பாக நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. காகிதத்தில் எறும்பு வராததுதான் குறை. என்னவோ, மனசு மாறியிருந்தால் சந்தோஷம்தான்.

நீங்கள் சொன்னது போலத்தான் செய்கிறேன். ஜூன் தொடக்கத்திலிருந்து அடுப்புப் பக்கமே போகவில்லை. வரட்டி அடுக்கு ஜன்னலை மறைத்துவிட்டது. தெருப் பெண்கள் தங்கள் சட்டியையும் கொண்டுவந்து வரிசையில் வைக்கிறார்கள். "ஒங்க கொழுந்தன் டிஷ்ஷுல என்ன சேனல் வருது?" என்று ஒருத்தி கேட்டாள். "சூப்பு வருது" என்றேன்.

அண்ணி


ஓஷ், ஆகஸ்ட் 24, 2003

அண்ணிக்கு,

இனி நேராகவே பேசிவிடலாம்.

ஒப்பந்தம் என்ன? புகைக்குழாயில் புகை வரும்வரை. ஜூன் தொடக்கத்திலிருந்து அந்த வீட்டில் புகை வரவில்லை. ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. நீங்களும் உங்கள் வாயால் பெருமையடித்துக்கொண்டீர்கள். நம் ஆட்கள் ஒரு வீட்டைப் பார்த்ததும் என்ன கேட்பார்கள்? அங்கே புகை வருகிறதா என்றுதான் கேட்பார்கள். புகை இல்லையென்றால் அங்கே யாருமில்லை. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஜோரோ பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் அவர். செப்டம்பரில் வீடு வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். பெரியப்பா முன்னால் பேசி முடித்துச் சாவியை வாங்கிக்கொள்வேன். இப்போது அவசர அவசரமாக அடுப்பு மூட்டினால் எதுவும் மாறாது. நின்ற புகை நின்றதுதான்.

அன்று எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள் அல்லவா? இந்த முறை நான் சிரிக்கிறேன்.

தொக்தோசுன்


முர்காப், செப்டம்பர் 5, 2003

சின்னவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் வாசலில் உட்கார்ந்து அழுதேன். அதை மறைக்கவில்லை. அழுதது வீட்டுக்காக இல்லை, உங்கள் இனிப்பை நம்பினேனே என்றுதான். பிறகு எழுந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் குந்தினேன். குச்சியைக் கிழித்து, அப்படியே ஊதி அணைத்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரிதான். இப்போது மூட்டினால் நான் பயந்துவிட்டேன் என்றுதான் ஊர் சொல்லும்.

வாருங்கள். பெரிய தொப்பியையும் வீடு வாங்குகிறவரையும் கூட்டி வாருங்கள். உங்கள் அப்பா வீட்டுக்கு வருகிறீர்கள், வெறும் வயிற்றோடு போகக் கூடாது. என்னிடமிருக்கிற ஒரே கிடாயை அறுக்கிறேன். முதல் நாளே சட்டியில் ஏற்றிவிடுவேன், நீங்கள் வரும்போது பஞ்சாக வெந்திருக்கும். வழியில் எங்கேயும் சாப்பிட்டுவிடாதீர்கள்.

அண்ணி


ஓஷ், அக்டோபர் 2, 2003

அண்ணிக்கு,

இப்படியொரு அவமானத்தை நான் என் வாழ்க்கையில் பட்டதில்லை. ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியட்டும்.

முற்றத்தில் என் டிஷ். அதில் என் மனைவியின் சீதனக் கண்ணாடி. நடுவில் சட்டி. நான் வாயைத் திறக்கும் முன்னால் ரொட்டியை நீட்டினீர்கள். ரொட்டியை மறுக்க முடியாது, பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு தட்டு வந்தது. பெரியப்பாவுக்குத் தலை. வாங்க வந்தவருக்கு முதுகெலும்பு. எனக்கு? "சின்னவருக்கு எது புடிக்கும்னு எனக்குத் தெரியாதா" என்று சொல்லித் தொடையெலும்பை வைத்தீர்கள். கொழுப்பு வழிய, அவ்வளவு பெரிய துண்டு. நான் தின்றேன். ஆமாம், தின்றேன். கணவாய் முழுக்கப் பட்டினி கிடந்தவன் வேறென்ன செய்வான்? இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிக்கூடத் தின்றேன்.

அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நியாயமாகத்தான் பேசினேன். "பெரியப்பா, அடுப்பைத் தொட்டுப் பாருங்க, பனிக்கட்டி மாதிரி இருக்கு. குழாய்ல சிலந்தி கூடு கட்டியிருக்கு. பேச்சுன்னா பேச்சுதானே?"

"பேச்சுன்னா பேச்சுதான்டா" என்றார் அவர். "கையில என்ன வெச்சிருக்க?"

"எலும்பு பெரியப்பா."

"என்ன எலும்பு?"

என்ன வருகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது இன்னும் என் கையிலேயே இருந்தது.

"அதை யாருக்கு வைப்போம்? விருந்தாளிக்கு. வீட்டுக்காரன் அவன் வீட்டுல அதைத் தொடுவானா? ஒங்கப்பன் ஒன் முதுகுல போட்டுப் போட்டுச் சொல்லிக் குடுத்தானேடா. இவ வெச்சா, நீ வாங்கின, நக்கிட்டு வேற நிக்கிற. நீ இந்த வீட்டு விருந்தாளின்னு நீயே எங்க எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்ட."

"அப்ப புகை?" என்று கத்தினேன்.

"எழவு விழுந்த வீட்டுல மூணு நாளைக்குச் சமையல் கிடையாது. சோறு பக்கத்து வீட்டுலேருந்து வரும். இந்தக் கறி பக்கத்து வீட்டுலேருந்தா வந்துச்சு? இந்த முற்றத்துல வெந்துச்சு, நான் பாத்தேன். சாப்பாடு வேகுற வீட்டைச் செத்த வீடுன்னு என்னால சொல்ல முடியாது. அன்னிக்குப் புகைன்னு சொன்னது நாங்கதான். புகையில்லாம வேகும்னு எங்க யாருக்குத் தெரிஞ்சுது? உக்காருடா விருந்தாளி, சூப்பு குடிச்சிட்டுப் போ."

மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் அதே கிழவர், அதே கண்ணீர். நான் கூட்டி வந்த ஆளாவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், அவர் ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களாம்மா?" என்று உங்களைக் கேட்கிறார்.

நீங்கள் திட்டம் போட்டுத்தான் வைத்தீர்கள். என் வயிற்றை எனக்கே எதிரியாக்கினீர்கள். டிஷ் என் சொத்து. திருப்பி அனுப்பாவிட்டால் நான் அதிகாரிகளிடம் போவேன்.

தொக்தோசுன்


ஓஷ், நவம்பர் 14, 2003

அண்ணிக்கு,

என் போன கடிதத்துக்குப் பதிலில்லை. டிஷ் விஷயத்தை விட்டுவிட்டேன். யாரிடமும் போகவில்லை.

இங்கே கேஸ் நின்றுவிட்டது. எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. மின்சாரம் வந்து வந்து போகிறது. எங்கள் அடுக்குமாடியில் எல்லோரும் கீழே முற்றத்தில் செங்கல் வைத்துப் பழைய கதவையும் நாற்காலியையும் எரித்துச் சமைக்கிறோம். நாசிராவின் கண்கள் புகையில் வீங்கிவிட்டன. எங்களுக்குத் தெற்குப் பார்த்த பால்கனி இருக்கிறது, வெயில் நன்றாக விழுகிறது. அந்தக் கண்ணாடித் துண்டுகளை எந்தச் சாய்வில் ஒட்டினீர்கள்? தார் சூட்டில் இளகவில்லையா? நாசிராதான் கேட்டு எழுதச் சொன்னாள்.

தொக்தோசுன்


முர்காப், நவம்பர் 29, 2003

தொக்தோசுன்,

படித்ததும் திடுக்கிட்டாயா? எனக்கும் கை தயங்கியது. இத்தனை வருஷம் வாயில் வராத பெயர். எழுதிப் பார்த்துவிட்டுச் சத்தமாகவும் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. புருஷன் வீட்டு ஆண்களின் பெயரைத்தான் மருமகள் சொல்லக் கூடாது. விருந்தாளியின் பெயரைச் சொல்லலாம். பெரிய தொப்பியிடம் கேட்டேன், தாராளமாகச் சொல் என்றார். நல்ல பெயர்தான். பிறந்ததெல்லாம் செத்துச் செத்துப் போகிறதே, இதுவாவது நிற்கட்டும் என்று உன் அம்மா வைத்த பெயர். நீ நின்றாய், உன் அண்ணன் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு எவர்மேல் என்று இன்றுவரை தெரியாது. உன்மேல்தான் என்று இந்த வருஷம் நீயே முடிவுகட்டிக் கொடுத்தாய்.

ஆமாம், திட்டம் போட்டுத்தான் வைத்தேன். தொடையெலும்பை எனக்கு நினைவுபடுத்தியது நீதான். ஜூலையில் எனக்குச் சர்க்கரை தடவிக்கொண்டிருந்தபோது உன் நாக்கு அதையும் சேர்த்து உளறிவிட்டது. அன்று உன் தட்டில் அதை வைத்துவிட்டு உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாமென்று தள்ளிவிடுவானோ, ஒரே கிடாயும் போய் வீடும் போய்விடுமோ என்றுதான் பயம். நீ தள்ளவில்லை. நீ முதல் வாய் கடித்தபோது எனக்கு வந்த நிம்மதி, என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

முந்தாநாள் முதல் பனி விழுந்தது. அடுப்பை மூட்டினேன். சிலந்தி தன் கூட்டோடு போய்ச் சேர்ந்தது. கோடை முழுக்கச் சேர்த்த வரட்டி சுவரோரம் கூரையைத் தொட்டு நிற்கிறது, வீடு கதகதவென்று இருக்கிறது. கணவாயிலிருந்து இறங்குகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் நம் வீட்டுப் புகை தெரிகிறதாம். தவறு, என் வீட்டுப் புகை. உன்னிடம் டயர் வாங்க வரும்போது சொல்வார்கள், கேட்டுக்கொள்.

கண்ணாடியின் சாய்வைக் கடிதத்தில் எழுத முடியாது. கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும். நாசிராவை மே மாதம் அனுப்பு. நீ வராதே. அவள் பீரோவை உடைத்ததற்கு நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன், ஒரு டிஷ்ஷை அவள் கையாலேயே செய்ய வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். அதை அவள் உன் பால்கனியில் வைத்தால் அப்புறம் உன் வீட்டிலும் புகை வராது. புகை நின்ற வீட்டில் இருப்பவர் மூட்டையைக் கட்ட வேண்டும் என்று ஊரைக் கூட்டிச் சொன்னது நீதான். அதையும் அவளுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அனுப்ப மாட்டேன் என்று நினைக்காதே. இந்தக் கடிதத்தை லாரிக்காரன் வழக்கம்போல உன் கடையில் கொடுக்க மாட்டான், வீட்டில் நாசிராவின் கையில்தான் கொடுப்பான். உறையை ஒட்டவில்லை. நீ சொன்னாய் அல்லவா, அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அண்ணன் திதியன்று நீ என்னை என்ன கேட்டாய் என்பதை மட்டும் இதில் எழுதாமல் விட்டிருக்கிறேன். அவள் வரட்டும். இங்கே கறி வேக நெடுநேரமாகும். நாங்கள் இரண்டு பேரும் சட்டியருகில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி, சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

உல்கான்